பெட்டி மாறிய கேசட்

கல்யாண மண்டபத்தில் பாட்டு நின்றால் யாருக்குத் தெரியும்? சாப்பாடு நின்றால்தான் தெரியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன், பத்தாங் பெர்ஜுந்தாயில் நான் போயிருந்த ஒரு கல்யாணத்தில் பாட்டு நின்றது – மண்டபம் முழுக்கத் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கையில் அப்பளத்தோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மணப்பெண் யாழினி, என் தோழி விஜயாக்காவின் ஒரே மகள். நானும் விஜயாக்காவும் ரவாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். நான் ஆபீஸில் பைல் அடுக்கினேன். அவர் பேக்கிங்கில் நின்றார். மதியச் சாப்பாடு மட்டும் ஒரே மேசையில். அவருடைய நெத்திலி சம்பாலில் பாதி எனக்கு, என் ரசத்தில் பாதி அவருக்கு. அப்படிப் பல வருடம் ஓடியது. அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நம்மைவிட ஏமாளி யார்?

மாப்பிள்ளை தினேஷ், சுங்கை பஞ்சாங் பக்கம். தகப்பன் இல்லாத பிள்ளை. நினைவு தெரியாத வயதிலேயே அப்பா போய்விட்டாராம். அந்த இடத்தில் நின்று பெண் பார்த்ததிலிருந்து பந்தல் கால் வரைக்கும் நடத்தி வைத்தவர் பெரியப்பா ராமையா. வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, யாரிடமும் அதிகம் பேசாத முகம்.

ஐயர், “பொண்ண அழச்சிட்டு வாங்கோ” என்றார். விளக்குகள் மங்கின. வாசல் கதவு திறந்தது. யாழினி நின்றாள். அரக்குச் சேலையில் அவ்வளவு அழகு. நாதஸ்வரம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வந்தது ஒரு பழைய கீபோர்டு. மெதுவாக, தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. அதன் மேல் ஓர் இளம் பெண்ணின் குரல்…

விளக்கை அணைக்காதே அம்மா – நான்
வேலை முடிந்து வந்திடுவேன்…

இளைஞர்கள் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். “நைஸ் சோங்லா, யாரு பாடினது?” என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டது என் காதில் விழுந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாள் சட்டென்று மடியில் இருந்த குழந்தையின் காதைப் பொத்தினார்.

மணவறையிலிருந்து பெரியப்பா ராமையா ஓடி வந்தார். அந்த வயதில், அந்த வேட்டியில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

“நிப்பாட்டு! எவன்டா அது… நிப்பாட்டுலா!”

பாட்டு நின்றது. யாரோ அவசரமாக நாதஸ்வரத்தைப் போட்டார்கள். வாசலில் நின்ற பெண் என்ன நடந்தது என்று புரியாமல் அம்மாவைத் தேடினாள். பிறகு நடந்தாள். தாலி கட்டி முடிந்தது. எல்லாம் முறையாகத்தான் நடந்தது – யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பாட்டுக்கு ஏன் இந்த அமர்க்களம் என்று இளைய வாசகர்கள் கேட்பீர்கள். நியாயம். கோலாலம்பூர்க்காரர்களும் கேட்பீர்கள். கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயும் எஸ்டேட்டுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு அது சாவுப் பாட்டு.

பிணத்தை எடுக்கும்போது லோரியில் போடுகிற பாட்டு. வேறு எங்கும், வேறு எதற்கும் அதைப் போட்டு நாங்கள் கேட்டதில்லை. யார் பாடியது, எந்தப் படம், படமே இல்லையா… யாரும் கேட்டதும் இல்லை. தூரத்தில் அந்தக் குரல் கேட்டால் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்போம். எந்த லயத்து வீட்டு வரிசையில், யார் வீட்டில் என்று அப்புறம்தான் விசாரிப்போம்.

என் அப்பா எஸ்டேட் லோரி ஓட்டியவர். வாழ்நாளெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிய அதே லோரியில்தான் அவரையும் ஏற்றினோம். லோரியின் தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தார்கள். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அம்மாவும் நானும் லயத்து வாசலோடு நின்றுவிட்டோம். லோரி செம்பனை மரங்களுக்குள் மறைந்த பிறகும் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்பா இப்போது எந்தத் திருப்பத்தில் போகிறார் என்று அந்தக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாட்டை நான் வெறுத்ததில்லை. ஆனால் அது தூரத்திலிருந்து காற்றில் வீட்டுக்குள் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அதைப் போய்க் கல்யாணத்தில் போட்டால்?

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக டிஜேயிடம் போனேன். அவர் பாவம், வேர்த்துக் கொட்டி நின்றார். “பொண்ணுதான் அனுப்பினாங்க அக்கா. அம்மாவுக்கு சர்ப்ரைஸ்னு சொன்னாங்க” என்றார். இது என்ன கூத்து என்று விஜயாக்காவைத் தேடினேன். மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குழாய் திறந்திருந்தது. கை கழுவவில்லை.

“அறிவு இருக்காக்கா இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு? எந்தப் பாட்ட எங்க போடறதுன்னு…”

“அவள ஏசாத சுமதி. எனக்காகத்தான் செஞ்சா.”

“உங்களுக்காகவா?”

“அது என் குரலு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. குழாயை மூடினார்.

அந்த ஈரத் தரையில் நின்றபடி அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேசட் காலம். விஜயாக்காவுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. எஸ்டேட்டில் இருந்த மூன்று பேரோடு சேர்ந்து ஓர் இசைக்குழு. பெயர், கரையோரக் குயில்கள். கல்யாணம், கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று சபாக் பெர்ணம் வரை போய்ப் பாடியிருக்கிறார்கள். மற்றவர்கள் பாட்டையே எத்தனை நாள் பாடுவது என்று சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, கிள்ளானில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிந்து ஒரு கேசட் கொண்டுவந்தார்கள். ‘செம்பனைச் சாலை.’ அட்டையில் நாலு பேரும் கால்பந்துக் கம்பத்துக்கு முன்னால் நிற்பார்களாம்.

விளக்குப் பாட்டை எழுதியதும் அவர்தான். அப்போது எஸ்டேட் பெண்களை ஏற்றிப் போகத் தொழிற்சாலை பஸ் வரத் தொடங்கிய நேரம். இரண்டாவது ஷிப்டு முடிந்து பஸ் இறக்கிவிட்டால், செம்பனைக்கு நடுவே இருட்டில் நடந்து வர வேண்டும். லயத்து வாசலில் அம்மா ஏற்றி வைத்திருக்கும் விளக்கு ஒன்றுதான் வழிகாட்டி. “அணைச்சிட்டுப் படுத்துடாதம்மான்னு தெனமும் சொல்லிட்டுப் போவேன். அதத்தான் எழுதினேன். சாவு எங்கேருந்து வந்துச்சு அதுல?” என்று கேட்டார்.

வந்துவிட்டது. எப்படி என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கேசட் வந்த சில மாதங்களில் ஏதோ ஒரு சாவில் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். பிறகு இன்னொன்றில். செத்தவர் தலைமாட்டில் ஏற்றிய விளக்கைக் கருமாதி வரை அணைய விடாமல் காக்கிற ஜனம் நாம். விளக்கை அணைக்காதே என்று ஒரு குரல் அழுதால்… விடுவோமா? ஊர் ஊராகக் கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். குழுவை நேரில் தெரிந்தவர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். குயில்கள் ஆளுக்கொரு திசையில் பறந்தன.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க சுமதி. பாதித் தேத்தண்ணியில எழுந்து போயிட்டாங்க. சாவுப் பாட்டு பாடினவளா, எங்க வீட்டுக்கு வேணாம்னு. அதுக்கப்புறம் வாயத் தொறக்கல. யாழினி அப்பாவுக்கு மட்டும் தெரியும். என்கிட்ட இருந்த ஒரு கேசட்டையும் எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே குப்பையில போட்டுட்டேன்.”

மகள் ரவாங்கில் பிறந்து, தாமான் குடியிருப்பு வீட்டில் வளர்ந்தவள். எஸ்டேட் சாவுக்குப் போனதில்லை. இணையத்தில் யாரோ ஏற்றியிருந்த இந்த ஒரு பாட்டைக் கேட்டிருக்கிறாள். சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது முணுமுணுக்கிற குரல் அவளுக்குத் தெரியாதா? அம்மாவிடம் காட்டிக் கேட்டதற்கு, “ஆமாம், சின்ன வயசுல சும்மா பாடினது” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். என் அம்மா குரலில் நான் மணவறைக்கு நடப்பேன். எந்த மகளுக்கு அப்படித் தோன்றும்?

விஜயாக்காவுக்கு இருந்தது வேறு. பயம்.

“இனி அந்த வீட்டுல ஒருத்தருக்குத் தல வலிச்சாலும் என் பொண்ணு தலையிலதான் விழும். சாவுப் பாட்டோட உள்ள வந்தவன்னு. நான் வாங்கினது போதாதா? அடுத்த வாரம் மறுவீட்டு விருந்து. பெரியப்பா வருவாரா தெரியல. அவரு வரலன்னா என்னா அர்த்தம்னு ஊருக்கே தெரியும்.”

“எல்லாம் சரியாப் போகும்க்கா” என்றேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளாம் நான்.

இரண்டு நாள் கழித்து யாழினி கூப்பிட்டாள். அதற்குள் யாரோ அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். தினேஷும் பெரியப்பாவிடம், பாடினது அத்தைதான் என்று சொல்லிவிட்டானாம். அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

“நான் அம்மாவ அவமானப்படுத்திட்டேனா ஆன்ட்டி?”

“இல்லம்மா.”

“அந்தக் கேசட்ல வேற பாட்டெல்லாம் இருக்கும்ல? அம்மா வேற என்னென்ன பாடியிருக்காங்க? ஆன்லைன்ல இந்த ஒண்ணுதான் இருக்கு. கேட்டா அம்மா பேச மாட்டேங்குறாங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அந்தப் பாட்டைக் கேட்காத காது கிடையாது. ஆனால் அந்தக் கேசட்டைக் கேட்டவர் யார்? நான் கேட்டதில்லை. கேட்டவர் என்று ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த குரலில், யாருக்கும் தெரியாத ஒரு கேசட்…

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு ஜெராம் போனேன். அங்கே செல்வராஜு அண்ணன் இருக்கிறார். எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் மைக் செட் போட்டவர். என் அப்பா போன லோரியில் குழாய் கட்டியதும் அவர்தான். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. மகன் மீன் வியாபாரம். மைக் செட் சாமான்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கிடக்கின்றன.

விஷயத்தைச் சொன்னதும், “செம்பனைச் சாலையா? இருக்கும்மா. கெட்டது பெட்டியில பாரு” என்றார்.

மைக் செட்காரர்களிடம் எப்போதும் இரண்டு பெட்டி உண்டு. நல்லதுக்கு ஒன்று, கெட்டதுக்கு ஒன்று. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் திருவிழாவுக்கும் போடுகிற கேசட் நல்லது பெட்டியில். சாவுக்கும் கருமாதிக்கும் போடுவது கெட்டது பெட்டியில். ஒரு வண்டியில் இரண்டையும் ஒன்றாக ஏற்ற மாட்டார்கள். இது சொல்லாமலே எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

“மொதல்ல அது நல்லது பெட்டியிலதான் இருந்துச்சு” என்றார் செல்வராஜு அண்ணன். “ஒரு சாவுக்குப் போயிருந்தேன். நல்ல மழை. கெட்டது பெட்டியில இருந்த கேசட்டெல்லாம் நனைஞ்சு, ரேடியோ நாடாவ இழுத்துத் தின்னுடுச்சு. பொணத்த எடுக்கற நேரம். பாட்டு இல்லாம எப்படி எடுக்கறது? சட்டைப் பையில இது கெடந்துச்சு. மொத நாள் கல்யாணத்துல போட எடுத்தது. மெதுவா ஒரு பாட்டு இருந்தது நெனப்பு வந்துச்சு. போட்டேன். அவ்ளோதான்… லோரியப் புடிச்சிக்கிட்டு ஜனங்க அழுதுச்சு பாரு, அப்படி ஒரு அழுகைய நான் அதுவரைக்கும் பாத்ததில்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா? ஒரு தடவ கெட்டதுக்குப் போட்டாச்சு. அது திரும்பி நல்லது பெட்டிக்கு வருமா? வராது. மத்த மைக் செட்காரங்களும் என்கிட்ட காப்பி பண்ணி வாங்கிட்டுப் போனாங்க. எல்லாரும் கெட்டது பெட்டியிலதான் வெச்சாங்க.”

“மத்த பாட்டெல்லாம்?”

“சாவு வீட்டுல யாரும்மா குஷிப் பாட்டு கேப்பா?”

இதுதான் நடந்தது. யாருடைய சதியும் இல்லை. யாரும் அந்தப் பெண் நாசமாகப் போகட்டும் என்று நினைக்கவில்லை. ஒரு மழை, ஒரு அவசரம், ஒரு பெட்டி. ஒரு பாட்டு கெட்டதுக்குப் போனதால் கேசட்டே கெட்டதுக்குப் போனது. கேசட் போனதால் பாடினவளும் போனாள். யோசித்துப் பார்த்தால், பாட்டை மட்டுமா நாம் இப்படிச் செய்கிறோம்? தாலி இழந்தவளை, பிள்ளை இல்லாதவளை, கல்யாணம் நின்றுபோனவளை… ஒருமுறை அந்தப் பெட்டியில் வைத்தோமென்றால் அதோடு மூடிவிடுகிறோம். மூடியது யார் என்று கேட்டால் ஆளே இருக்காது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. செல்வராஜு அண்ணன் போட்ட பாட்டில்தானே நானும் என் அப்பாவுக்காக அழுதேன்?

பெட்டி தகரப் பெட்டி. துரு. அடியில் கிடந்தது கேசட். அட்டையில் நாலு பேர், கால்பந்துக் கம்பம். இரட்டைச் சடையோடு ஒல்லியாக விஜயாக்கா, கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. கேசட்டின் பி பக்கத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. அத்தனை விரல் பட்டிருக்கிறது. ஏ பக்கத்தில் அச்சடித்த எழுத்து நேற்று வாங்கியது மாதிரி இருந்தது.

“ரேடியோ ஓடுமாண்ணே?”

“ஏன் ஓடாது? தொடச்சு வெச்சிருக்கேன்.”

ஏ பக்கத்தைப் போட்டேன். கொட்டகையில், பழைய ஒயர்களுக்கு நடுவில், ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

முதல் பாட்டு பசார் மாலாம் இரவுச் சந்தையில் சீப்பு வாங்கப் போன ஒரு பெண்ணைப் பற்றியது.

சீப்பு வாங்க வந்தேன் பசாருல – நீ
சிரிச்ச, சீப்ப மறந்தேன் பசாருல!

உருமியும் மலாய்க்காரர்களின் டங்டுட் தாளமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டாவது, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே காதல் சொல்கிற ஒருவனைப் பற்றி. மூன்றாவது, வேலையாட்களை மேய்க்கிற மண்டோரின் குடையைக் கேலி செய்கிற பாட்டு. அதில் ஒரு இடத்தில் ஸ்டூடியோவுக்கு வெளியே ஏதோ மோட்டார் உண்மையாகவே உறுமிக்கொண்டு போகிறது. பாடிக்கொண்டிருந்த விஜயாக்கா அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார். திரும்பப் பதிய வசதியில்லையோ என்னவோ, அப்படியே விட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பிடிக்கிறார்…

என்னை அத்தனை வருடம் அழ வைத்த குரல் சிரித்தது. நான் அழுதேன். செல்வராஜு அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவரும் அந்தப் பக்கத்தைக் கேட்டு அவ்வளவு காலமாகியிருந்தது.

சொன்னால் நம்புங்கள், நண்பர்களே, அது நல்ல கேசட். பாவப்பட்டுச் சொல்லவில்லை. ரவாங் தொழிற்சாலையும் ஜெராம் மீனும் எஸ்டேட் கால்பந்தும் இருக்கிற தமிழ்ப் பாட்டு நம்மிடம் எத்தனை? இருந்ததை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை நமக்கு.

கேசட்டையும் ரேடியோவையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து. ரவாங்கில் விஜயாக்காவின் வீட்டு வாசலில் சின்னப் பந்தல். நண்டும் கோழிப் பிரட்டலும் மணக்க மணக்க இருந்தன. ஆக்கினவர் முகம்தான் வெளுத்திருந்தது. ரேடியோவை நான் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். விஜயாக்கா கேசட்டைப் பார்த்தார். தொடவில்லை. “எதுக்கு சுமதி இதெல்லாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பின்னால் இன்னொரு கார். கதவு திறந்தது.

பெரியப்பா ராமையா இறங்கினார்.

விஜயாக்கா கையில் இருந்த கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். “வாங்கண்ணே” என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சாப்பாடு முடிகிற வரை இலையில் நண்டு ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. யாழினி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், விஜயாக்காவைப் பார்த்தார்.

“சம்பந்தியம்மா, அன்னிக்கு நான் கத்துனது தப்பு.”

“ஐயோ, இல்லண்ணே…”

“சொல்லிடறேன், கேளுங்க. இவன் அப்பன், என் தம்பி, வேலைக்குப் போன எடத்துல போயிட்டான். எங்கம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. பொணத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. தண்ணி குடிக்கல, பேசல. அதுவும் கூடவே போயிடும்னு பயந்துட்டோம். லோரிய எடுத்தாங்க. உங்க பாட்டு வந்துச்சு. வெளக்க அணைக்காத அம்மான்னு… அப்பதான் எங்கம்மா வாயத் தொறந்து அழுதுச்சு. அவன் பேரச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு. அப்புறம் எத்தனையோ வருஷம் இருந்து, இவன வளத்து விட்டுட்டுத்தான் போச்சு.”

தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதெல்லாம் அவனுக்கே புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

“மணவறையில தம்பி நிக்க வேண்டிய எடத்துல நான் நிக்கிறேன். திடீர்னு அந்தப் பாட்டு. என்னால தாங்க முடியல, கத்திட்டேன். பாடினவங்க அங்கயே நின்னுகிட்டு இருந்திருக்கீங்க…” அவர் எட்டி தினேஷின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எங்க வீட்டுக்கு எப்பவோ வந்துட்டீங்க சம்பந்தியம்மா. எங்களுக்குத்தான் யாருன்னு தெரியல.”

விஜயாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எந்தப் பாட்டு தன் மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிடும் என்று ஒரு வாரமாக நடுங்கினாரோ, அதற்கு இப்படி ஒரு கதை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நானும் நினைக்கவில்லை.

பெரியப்பாவின் கண் டிவி பக்கம் போனது. ரேடியோ, அதன் மேல் கேசட்.

“அதுதானா?”

“ஆமாங்க பெரியப்பா” என்றாள் யாழினி.

“போடும்மா. அந்தப் பாட்டையே போடு. வீட்டுக்குள்ளயே போடு. எவன் என்னா சொல்றான்னு நான் பாக்கறேன்.”

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாழினி கேசட்டை எடுத்து, பி பக்கத்தைத் தேடித் திருப்பினாள். எனக்கு எழுந்து வெளியே போகலாமா என்றுகூடத் தோன்றியது.

விஜயாக்கா வந்து மகளின் கையிலிருந்து கேசட்டை வாங்கினார். அழிந்துபோன எழுத்தை விரலால் தடவினார்.

“வேணாண்ணே” என்றார். “இது உங்க தம்பிக்குப் பாடினது. அவருக்கே இருக்கட்டும்.” என்னைப் பார்த்தார். “சுமதி அப்பாவுக்கும்.”

பிறகு கேசட்டைத் திருப்பினார்.

“புள்ளைங்களுக்கு இந்தப் பக்கம்.”

அவர் கையாலேயே போட்டார். உருமி அதிர்ந்தது. சீப்பு வாங்கப் போனவள் பாட ஆரம்பித்தாள். யாழினி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நீயா? நீயாம்மா இது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விஜயாக்கா அடுத்த வரியை, ரேடியோவுக்கு முந்தியே சொல்லிவிட்டார்.

முதலில் தாளம் போட்ட கால் யாருடையது என்கிறீர்களா? பெரியப்பாவுடையதுதான்.